வேட்டியில் சுற்றி வைத்த தகர மனிதன்

என் கணவரின் அந்தியேட்டிக்கு மூன்று நாள் இருக்கும்போது கல்வெட்டு அச்சாகி வந்தது. முப்பத்தோராம் நாள் சாப்பாட்டுக்கு வருகிறவர்கள் கையில் கொடுக்கிற நினைவுப் புத்தகத்தைத்தான் எங்கள் ஆட்கள் கல்வெட்டு என்பார்கள். மகன் இரண்டு பெட்டிகளைக் கொண்டுவந்து லண்டன் செவன் கிங்ஸில் இருக்கிற எங்கள் வீட்டின் முன்னறையில் இறக்கினான். அட்டையில் அவருடைய படம், கோட்டும் ரையும் போட்டது. படம் நன்றாகத்தான் இருந்தது. நான் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு முதல் பக்கத்திலிருந்து வாசித்தேன். ஐந்தாம் வகுப்போடு நின்றவள் நான். எழுத்தெழுத்தாகத்தான் போவேன், ஆனால் ஒன்றையும் தாண்டிப் போகமாட்டேன். தேவாரம் முடிந்து, பிறந்த ஊர் முடிந்து, பார்த்த வேலைகள் முடிந்து, பதினோராம் பக்கத்தில் பாட்டு வந்தது.

விண்வெளிப் படத்தின் அரும்பொருள் சேர்த்தான்
மண்ணுலகு நீங்கி விண்ணுலகு சேர்ந்தான்

பாட்டு விளங்காதவர்களுக்காகக் கீழே வசனமும் போட்டிருந்தார்கள். ஒரு பழைய விஞ்ஞானத் திரைப்படத்தின் அரிய பொருட்களை முப்பது வருடங்களுக்கு மேலாகத் தேடிச் சேகரித்த பெரும் ரசிகர் அன்னார் என்று.

நான் இன்னொருமுறை வாசித்தேன். பிறகு கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு மூன்றாம் முறையும் வாசித்தேன்.

அந்தப் பொருட்கள் என்னுடையவை. ஒவ்வொரு தாளும், ஒவ்வொரு தகரமும். இவர் அந்தப் படத்தை ஒருநாளும் முழுதாக இருந்து பார்த்தவரில்லை. அடுத்த வீட்டுப் பிள்ளையின் சாமத்தியச் சடங்கு வீடியோவை மூன்று மணித்தியாலம் அசையாமல் பார்ப்பார். இந்தப் படம் தொடங்கினால் பத்து நிமிடத்தில் குறட்டை கேட்கும். தகரச் சனியன் என்றுதான் அதற்குப் பெயர் வைத்திருந்தார். அவரைப் பெரும் ரசிகர் என்று இருநூறு புத்தகத்தில் அடித்து வைத்திருக்கிறார்கள்.

அந்தப் படம் என்னிடம் எப்படி வந்ததென்று சொல்லிவிடுகிறேன். அவசரம் ஒன்றுமில்லை.

நாங்கள் லண்டனுக்கு வந்த புதிதில் எங்கள் அகதி வழக்கு முடியாமல் கிடந்தது. குரோய்டனில் இருக்கிற குடிவரவு அலுவலகத்துக்குப் போவோம், வரிசையில் நிற்போம், கேட்ட கேள்வியையே திரும்பக் கேட்பார்கள், வருவோம். வேலை செய்யலாம் என்று கடிதம் வந்தபிறகு எனக்குக் கிழக்கு லண்டனில் ஒரு சின்ன தியேட்டரில் துப்புரவு வேலை கிடைத்தது. பழைய படங்களை மட்டும் ஓட்டுகிற தியேட்டர். இப்போது அந்த இடத்தில் ஆட்கள் ஓடாத சைக்கிளை மிதித்துக்கொண்டு இருக்கிறார்கள். மாதத்தின் முதல் ஞாயிறு மத்தியானம் எப்போதும் ஒரே படம் போடுவார்கள். வெள்ளைக்காரர்கள் வெள்ளித்தாளில் உடுப்புத் தைத்துப் போட்டுக்கொண்டு வருவார்கள். படம் முடிய உள்ளே போய்ப் பெருக்குவது என் வேலை. நான் கொஞ்சம் முந்தியே போய்ப் பின்சுவரோடு விளக்குமாறுடன் நிற்பேன். அப்படி ஒரு வருடத்துக்கு மேல் அந்தப் படத்தின் கடைசிக் கால்மணித்தியாலத்தை மட்டும் பார்த்தேன்.

ஆகாயத்தில் ஒரு கப்பல். அதிலிருக்கிறவர்களுடைய உலகம் எரிந்து போய்விட்டது. வேறொரு உலகத்தின் வாசலில் வந்து நிற்கிறார்கள். உள்ளேயிருந்து ஒரு குரல் கேள்வி கேட்கிறது. கேட்டதையே கேட்கிறது. கப்பலில் இருந்த தகர மனிதன்தான் எல்லோருக்காகவும் பதில் சொல்கிறான். கதவு திறக்கிறது. ஒவ்வொருவராக உள்ளே போகிறார்கள். கடைசியாக ஒரு கிழவி. அவள் நடந்து வருவதற்குள் கதவு இறங்கத் தொடங்குகிறது. தகர மனிதன் தன் கையைக் கதவுக்கடியில் கொடுத்துப் பிடிக்கிறான். கிழவி குனிந்து போய்விடுகிறாள். கதவு மூடுகிறது. கை உள்ளே, அவன் வெளியே. அவனுடைய இடது கண்ணில் ஒரு சின்ன விளக்கு எரிந்துகொண்டே இருக்கிறது.

அது எதிர்காலத்தில் நடக்கிற கதை என்று பிறகுதான் சொன்னார்கள். நான் அதைப் போன கிழமை குரோய்டனில் பார்த்துவிட்டு வந்திருந்தேன். எனக்கு ஒரு சொல் ஆங்கிலம் தேவைப்படவில்லை.

ஒரு ஞாயிறு லீவு எடுத்து, ரிக்கெற் வாங்கி, விளக்குமாறு இல்லாமல் போய் முதலிலிருந்து பார்த்தேன். அந்த ரிக்கெற் துண்டு இன்னும் இருக்கிறது. தியேட்டர் வாசலில் கண்ணாடிக்குள் வைத்திருந்த, படத்தின் காட்சிகளை அச்சடித்த மட்டைகள், படக் காட்டுகள் என்போம், எட்டும் மூலை கிழிந்ததென்று மனேச்சர் ஒருநாள் குப்பைப் பைக்குள் போட்டார். நான் கையைக் காட்டிக் கேட்டேன். தந்தார். வீட்டுக்கு வந்து ஒவ்வொன்றின் பின்பக்கத்திலும் பென்சிலால் எழுதினேன். யார் தந்தது, எங்கே, அன்றைக்கு மழையா வெயிலா. பேனையால் எழுதினால் மை ஊறி முன்பக்கம் வரும். இது எனக்கு யாரும் சொல்லித் தரவில்லை. அன்றிலிருந்து என் கைக்கு வந்த எதற்கும் முதுகில் என் எழுத்து இருக்கும்.

பிறகு சந்தை. மாதத்தில் ஒரு சனிக்கிழமை ஒரு ஹோட்டல் மண்டபத்தில் பழைய சினிமாச் சாமான்களை மேசை போட்டு விற்பார்கள். இவர் காரில் கொண்டுபோவார். பேசத் தெரிந்தவர் அவர், சாமானைத் தெரிந்தவள் நான். எங்களுக்குள் ஒரு ஒழுங்கு இருந்தது. அவருடைய கோட்டுக் கையை நான் ஒருமுறை இழுத்தால் வாங்கு. இரண்டுமுறை இழுத்தால் விடு. இரண்டுமுறை இழுத்த நாட்கள்தான் கூட. அந்தக் காலத்துப் போஸ்டர் மடித்துத்தான் தியேட்டருக்கு வந்திருக்கும். மடிப்பு இல்லாமல் சுருட்டி வைத்திருந்தால் அது நேற்று அடித்தது. அசல் தாளைத் தடவினால் விரலில் மாவு மாதிரி ஒன்று ஒட்டும். எத்தனையோ முறை அவர் ஆசையாய்ப் பேசிக்கொண்டிருக்க நான் இரண்டு இழுப்பு இழுத்து அவருடைய வாயை மூடியிருக்கிறேன்.

தகர மனிதனை அங்கேதான் கண்டேன். படம் வந்த நேரத்தில் ஜப்பானில் செய்த விளையாட்டுச் சாமான், ஒரு முழ உயரம். ஒரு மேசைக்குக் கீழே பிஸ்கற் ரின்னுக்குள் கிடந்தான். ஒரு கை இல்லை. கதவுக்கடியில் கொடுத்த அதே கை. இரண்டு வருடம் கழித்து வேறொரு மேசையில், உடைந்த சாமான்கள் அள்ளிப் போட்டிருந்த வாளிக்குள் கையை விட்டு அலைந்தேன். அவனுடைய கையைத் தோளில் பூட்டுகிற ஆணியின் தலை பூ மாதிரி வெட்டியிருக்கும். அது விரலில் பட்டது. வெளியே எடுத்துப் பார்க்காமலே இவருடைய கோட்டை இழுத்தேன். ஒருமுறை.

மழைக்கு என் அலுமாரி நிற்கிற சுவர் ஈரமாகும். இவருடைய அலுமாரி நின்ற சுவர் காய்ந்தது. அதனால் எல்லாம் அவருடைய அலுமாரியில் இருந்தன. பலமுறை தோய்த்துப் பஞ்சு மாதிரி மெதுவாகிப்போன அவருடைய பழைய வேட்டிகளில்தான் சுற்றி வைத்திருந்தேன். சாயம் போகாது, தகரத்தைக் கீறாது.

அங்கேதான் பிழை வந்தது. எட்டாம் நாள் எட்டுச் செலவு முடிந்தபிறகு அவருடைய உடுப்புகளை ஒதுக்கவென்று மருமகள் அந்த அலுமாரியைத் திறந்தாள். வேட்டியை அவிழ்த்தால் உள்ளே தகர மனிதன். அடுத்த வேட்டிக்குள் படக் காட்டுகள். மாமாவுக்குள் இப்படியொரு மனம் இருந்திருக்கிறதே என்று அழுதாள். மகன் அதைக் கல்வெட்டு எழுதுகிற மாஸ்டருக்குச் சொன்னான். அதோடு விட்டானா. பழைய படங்களுக்குக் கண்காட்சி வைக்கிற ஒரு வெள்ளைக்காரருக்குக் கடிதமும் எழுதியிருந்தான். அந்தியேட்டிக்கு அடுத்த சனிக்கிழமை அவர் வந்து எல்லாவற்றையும் ஒரேயடியாக எடுத்துப்போவதென்றும், காலஞ்சென்ற இன்னாரின் நினைவாக என்று பெயர்ப்பலகை வைப்பதென்றும் ஒப்பந்தம். எனக்கு இதைச் சொல்லவில்லை. நான் கவலையில் இருக்கிறேனாம்.

"தம்பி, பதினோராம் பக்கத்தை ஆர் எழுதச் சொன்னது?" என்று கேட்டேன்.

"நான்தான் அம்மா. அப்பான்ரை கலெக்‌ஷன் பற்றி மாஸ்டருக்குத் தெரியாதுதானே."

"அது அப்பான்ரையில்லை. என்ரை."

அவன் சிரித்தான். காய்ச்சல்காரருக்கு மருந்து பருக்கும்போது சிரிக்கிற சிரிப்பு.

"ஓம் அம்மா. ரெண்டு பேற்றையும்தான்."

"ரெண்டு பேற்றையுமில்லை. உனக்குத் தெரியாதோ? மாசாமாசம் சந்தைக்குப் போனது ஆர்?"

"அப்பா."

"நான்?"

"நீங்கள் துணைக்குப் போனனீங்கள் எண்டெல்லோ நினைச்சனான். எப்ப பார்த்தாலும் அவற்றை கோட்டைப் பிடிச்சு இழுத்துக்கொண்டு நிப்பீங்கள். உங்களுக்கு வீட்டை போகவேணும், அவருக்கு விருப்பமில்லை எண்டு."

முப்பது வருட வேலை. பிள்ளையின் கண்ணுக்கு அது வீட்டுக்குப் போக நிற்கிற பெண்சாதியின் ஆக்கினையாக இருந்திருக்கிறது.

"அம்மா, அப்பாவே தன்ரை வாயாலை சொல்லியிருக்கிறார்," என்று என் அல்பத்தை எடுத்துவந்து விரித்தான். உள்ளூர்ப் பத்திரிகையின் ஒரு துண்டு. பல வருடத்துக்கு முன்னால் ஒரு நிருபர் கமராவோடு வீட்டுக்கு வந்து எடுத்துப் போட்டது. நான்தான் வெட்டி, பிளாஸ்ரிக் உறைக்குள் வைத்து, என் சேகரிப்போடு சேர்த்திருந்தேன். எனக்கு இங்கிலிஸ் வாசிக்கத் தெரியாது. என் சாமான்களைப் பற்றி எழுதியிருக்கிறார்கள் என்று எனக்குப் பெருமை. படத்தில் இவர் தகர மனிதனைப் பிடித்துக்கொண்டு நிற்கிறார். ஓரத்தில் ஒரு கை தெரியும், ரோல்ஸ் தட்டோடு, ஒரு வளையலோடு. அது நான். அந்த நிருபர் மூன்று ரோல்ஸ் சாப்பிட்டார்.

மகன் வாசித்து வாசித்துத் தமிழில் சொன்னான். "சின்ன வயசிலை கொழும்பிலை முதல் முதல் இந்தப் படத்தைப் பார்த்தனான், அண்டு பிடிச்ச பைத்தியம் எண்டு அப்பா சொல்லுறார்."

"கொழும்பிலை அவர் பார்த்தது கிறிக்கெற்."

"பொறுங்கோ. என்ரை மனுசி பொறுமைசாலி, இந்தத் தகரங்களையெல்லாம் தூசு தட்டி வைக்கிறவ எண்டு..."

"காணும், நிப்பாட்டு," என்றேன்.

அவர் அருகில் இருந்திருந்தால் கேட்டிருப்பேன். எனக்கு முன்னால், என் கையால் ரோல்ஸ் சாப்பிட்டுக்கொண்டிருந்த மனிதனிடம், எனக்கு விளங்காத பாஷையில் இதைச் சொல்லிவிட்டு, அன்றைக்கு இரவுச் சாப்பாட்டை எப்படி விழுங்கினீர்கள் என்று. வீட்டில் சனியன், வெளியில் உங்கள் பைத்தியமா என்று. பத்திரிகை வந்த அன்று நான் அதை வெட்டும்போது கத்தரிக்கோலை எடுத்துத் தந்ததும் அவர்தான். இப்போது சுவரில் மாலையோடு இருக்கிறார். முப்பத்தொரு நாளும் அவருக்குப் பிடித்ததைப் படத்துக்கு முன்னால் படைக்கவேண்டும். மூன்று கரண்டி சீனி போட்ட தேத்தண்ணி அவருக்கு வேண்டும். அன்றைக்குப் பின்னேரம் நான் சீனி போடாமல் வைத்தேன்.

பிறகு வெம்பிளியில் இருக்கிற மாஸ்டருக்குப் போன் எடுத்தேன். லண்டனில் பாதிச் செத்தவீடுகளுக்குக் கல்வெட்டுப் பாட்டு எழுதுகிறவர் அவர்.

"மாஸ்டர், பதினோராம் பக்கம் பிழை. அது என்ரை சாமான்."

"அதுக்கென்ன அக்கா. புருசன்ரை எண்டால் உங்கடைதானே."

"அப்ப என்ரை எண்டால் என்ரையில்லையோ?"

அவர் தணிந்த குரலில் சொன்னார். "அக்கா, விண், மண் எண்டு எதுகை நல்லா வந்து விழுந்திட்டுது. இனி எடுக்க ஏலாது. எடுத்தால் பாட்டு நொண்டும்."

"நொண்டட்டும். நானும் முழங்கால் நோவோடை நொண்டி நொண்டித்தான் சேர்த்தனான்."

"இருநூறும் அடிச்சாச்சே அக்கா."

"வெட்டுறதுக்கு என்னட்டைப் பேனை இருக்கு," என்று வைத்துவிட்டேன்.

அடுத்தநாள் காலையில் சாப்பாட்டு மேசையைத் துடைத்துவிட்டு இரண்டு பெட்டிகளையும் அவிழ்த்தேன். அடிமட்டம் வைத்துப் பாட்டில் முதல் வரியை ஒரு கோடு, வசனத்தை இரண்டு கோடு வெட்டினேன். பக்கத்தில் எழுதினேன்: சேர்த்தது நான். மனைவி. என் கை வேகமான கையில்லை. ஒரு புத்தகத்தை முடித்து மற்றதை எடுக்கும்போது ஒரு பஸ் வந்து போய்விடும். பத்துப் பதினைந்து முடிந்திருக்கும், மருமகள் வந்தாள். பாரிஸில் வளர்ந்த பிள்ளை. அங்கே சனிக்கிழமைப் பள்ளிக்கூடத்தில் தமிழ் படித்ததால் என் மகனைவிட நன்றாக வாசிப்பாள்.

"மாமி, சனம் என்ன நினைக்கும்?"

"வாசிச்சுப்போட்டு நினைக்கட்டும்."

"மாமாவைக் குறைச்ச மாதிரி இருக்காதே?"

"அந்த அலுமாரியைத் திற பிள்ளை. நீ அவிழ்த்த வேட்டியளைத் திரும்ப அவிழ். இந்தமுறை முன்பக்கத்தைப் பார்க்காதை. பிரட்டிப் பார்."

அவள் ஒரு படக் காட்டை எடுத்துவந்து பிரட்டினாள். பென்சில் எழுத்து மங்கியிருந்தது. யன்னலடியில் நின்று உரத்து வாசித்தாள்.

"தியேட்டர் மனேச்சர் தந்தது. நல்ல மழை. பஸ்ஸில் சட்டைக்குள் வைத்துக் கொண்டுவந்தேன்."

இன்னொன்று. "ஹோட்டல் சந்தை. இவர் சுருட்டின போஸ்டரை வாங்கப் பார்த்தார். விடவில்லை. இது அசல்."

மகன் குசினிக் கதவோடு வந்து நின்றான். அவள் அடுத்ததை எடுத்தாள். தகர மனிதனின் காலடியில், பற்றறி போடுகிற மூடியின் உட்பக்கம் நான் ஒட்டியிருந்த துண்டு.

"கை கிடைத்துவிட்டது. இவர் காருக்குள் நித்திரை என்று பொய் சொல்லமாட்டேன், இன்று பக்கத்தில் நின்றார். வாளியைத் தூக்கிப் பிடித்தார்."

அதை வாசித்துவிட்டு அவள் கண்ணைத் துடைத்தாள். நான் துடைக்கவில்லை. வாளி பிடித்தவருக்கு வாளி பிடித்த பெயர் தருவேன். அதற்கு மேல் தரமாட்டேன். மகன் கதிரையை இழுத்து இருந்து ஒரு பேனையை எடுத்தான். அவனுக்குத் தமிழ் எழுதத் தெரியாது என்பதால் கோடு போடுகிற வேலை மட்டும் கொடுத்தேன். கோணல் கோணலாகப் போட்டான்.

அந்தியேட்டியன்று வந்தவர்கள் பதினோராம் பக்கத்தைத்தான் முதலில் பார்த்தார்கள். வெட்டியதை வாசிக்கிற ஆசை எல்லோருக்கும் உண்டு. ஒருவரும் என்னிடம் கேட்கவில்லை. வடை வாங்கும்போது மட்டும் என் முகத்தைப் பார்த்தார்கள்.

சனிக்கிழமை கண்காட்சிக்காரர் வந்தார். என் வயதிருக்கும், தாடி. வாசலில் என்னைக் கண்டதும் நின்றுவிட்டார். என் கையைக் காட்டி மகனிடம் ஏதோ சொன்னார். மகன் முகம் சிவந்து, பிறகு எனக்குச் சொன்னான்.

"அம்மா, இவர் அந்த ஹோட்டல் சந்தையிலை மேசை போட்டிருந்தவராம். கோட்டை இழுக்கிற அம்மா நீங்கள்தானே எண்டு கேக்கிறார். அப்பா மேசையைப் பார்க்கவே மாட்டாராம், மேலை கூரையைத்தான் பார்ப்பாராம். வாங்கிறது ஆரெண்டு அங்கை எல்லாருக்கும் தெரியுமாம். நான் எழுதின கடிதத்தைப் பார்த்து, இது வேறை ஆரோ எண்டு நினைச்சாராம்."

என் நெஞ்சு நிமிர்ந்தது. அது நிமிர்ந்து முடிவதற்குள் அவர் சிரித்துக்கொண்டு இன்னொன்றும் சொன்னார். நான் ஒருமுறை இழுத்தால் மேசைக்காரர்கள் எல்லோரும் உடனே விலையைக் கூட்டிவிடுவார்களாம். முப்பது வருடமாக.

ஊர் பேர் தெரியாத வெள்ளைக்காரருக்கு என்னைத் தெரிந்திருக்கிறது. நான் பெற்ற பிள்ளைக்குத் தெரியவில்லை. தெரிந்தவர்களும் என்னை ஏமாற்றத்தான் தெரிந்து வைத்திருக்கிறார்கள். எந்தப் பக்கத்துக் கோபத்தை முதலில் எடுப்பதென்று எனக்கே தெரியவில்லை. தேத்தண்ணி கொடுத்தேன். ரோல்ஸ் கொடுக்கவில்லை.

அவர் ஒவ்வொன்றாகப் பிரட்டிப் பார்த்தார். பின்பக்கம் எழுதியிருப்பது பெரிய குறை என்றார், எழுத்தில்லாமல் இருந்திருந்தால் மதிப்பு வேறு என்றார். பரவாயில்லையாம், முன்பக்கம் மட்டும் தெரிய வைப்பாராம். பலகையில் கணவன், மனைவி இருவர் நினைவாகவும் என்று போடலாமாம்.

"தம்பி, இவருக்குச் சொல்லு," என்றேன். "அந்த எழுத்து இல்லாட்டில் இண்டைக்கு இது எல்லாம் என்ரை மனுசன்ரையாய்ப் போயிருக்கும். பேந்து, நான் இன்னும் சாகேல்லை. நினைவாகக் குடுக்க என்னட்டை ஒண்டுமில்லை."

மகன் சொன்னான். எவ்வளவு மரியாதையாகச் சொன்னானோ தெரியாது. அவர் தலையாட்டிவிட்டு, வாசலில் தன் கோட்டுக் கையை என் பக்கம் நீட்டினார், பகிடிக்கு. நான் இரண்டுமுறை இழுத்தேன். அவருக்கு விளங்கியது.

எல்லாம் முடிந்தது என்று நினைத்தால் முடியவில்லை. பெட்டியை என்னிடம் கொண்டுவருவதற்கு முன்னமே மகன் பதினேழு புத்தகங்களைக் கனடாவுக்கும் சுவிசுக்கும் தபாலில் போட்டிருந்தான். வெட்டாத புத்தகங்கள். கனடாவிலிருந்து இவருடைய தங்கச்சி போன் எடுத்து, "அண்ணைக்கு எவ்வளவு நுணுக்கமான ரசனை, எங்களுக்கே தெரியாமப் போச்சு" என்று அழுதா. நான் சொன்னேன். நம்பினாவோ தெரியாது. அந்தப் பதினேழு வீட்டுக்காரரும் வாசிக்கவேண்டுமென்றுதான் இதை உட்கார்ந்து எழுதினேன்.

பத்திரிகைத் துண்டைக் கிழித்துப் போடுங்கள் என்று மருமகள் சொன்னாள். கிழிக்கவில்லை. அந்தப் படத்தைப் பற்றிய தாள் எதையும் நான் கிழிப்பதில்லை. உறையிலிருந்து எடுத்துப் பிரட்டிப் பார்த்தேன். பெருமையில் அதன் முதுகில் மட்டும் நான் ஒன்றும் எழுதாமல் விட்டிருக்கிறேன். பென்சிலைச் சீவி எழுதினேன்: தாள் அசல். சொன்னது பொய். ஓரத்தில் தெரிவது என் கை.

என் அலுமாரியை இப்போது காய்ந்த சுவருக்கு மாற்றியாகிவிட்டது. காட்டுகளையும் போஸ்டர்களையும் என் பழைய வொயில் சேலைகளில் சுற்றி அதற்குள் வைத்திருக்கிறேன். தகர மனிதனையும் ஒரு சேலையில் சுற்றிப் பார்த்தேன். கரைச் சரிகை அவனுடைய கையில் கீறுகிறது. அவனை மட்டும் திரும்ப வேட்டியில்தான் சுற்றி வைத்தேன். அதைவிட மெதுவான துணி இந்த வீட்டில் இல்லை.